மின்சாரம் போய்த் திரும்பினாலும் வயர்கார்டு இணைப்பு தானாக எழுவதற்கு

ஊர் வீட்டில் ராஸ்ப்பெரி பை என்ற சின்னக் கணினிக் கருவி ஒன்று இருக்கிறது. வாடகைக்கு எடுத்த லினக்ஸ் சர்வர் ஒன்றோடு அதை வயர்கார்டு என்ற விபிஎன் (இணையத்தின் ஊடே போகும் மறையாக்கப்பட்ட தனி வழி) வழியாக இணைத்து வைத்திருக்கிறேன். வீட்டு இணைய இணைப்புக்குத் தனிப் பொது ஐபி முகவரி கிடையாது. பல வாடிக்கையாளர்கள் ஒரே முகவரிக்குப் பின்னால் இருக்கிறார்கள். ஆகவே வெளியிலிருந்து அந்தக் கருவியை எட்ட வேண்டுமானால், கருவியே முதலில் சர்வரைக் கூப்பிட்டு அந்த வழியைத் திறந்தபடி வைத்திருக்க வேண்டும். இப்படிப்பட்ட அமைப்பில் இணைப்பு ஒருமுறை அறுந்து திரும்ப எழாமல் போனால், தொலைவில் இருக்கும் நமக்கு உள்ளே நுழைய வேறு வாசலே இல்லை. வீட்டில் இருக்கும் பெரியவர்களைத் தொலைபேசியில் அழைத்து, அந்தச் சின்னப் பெட்டியின் வயரைப் பிடுங்கிச் செருகச் சொல்வதைத் தவிர வேறு வழி இருக்காது.

மறுதொடக்கத்துக்குப் பிறகு இணைப்பு தானாக எழுவதற்கு ஒரே ஒரு கட்டளை போதும் என்றுதான் பெரும்பாலான குறிப்புகள் சொல்கின்றன. அந்தக் கட்டளை தேவைதான், ஆனால் அது போதாது. நாமாக ரீபூட் செய்யும்போது எல்லாம் சரியாக எழுந்துவிடும். மின்சாரம் திடீரென்று போய், ரூட்டரும் கருவியும் ஒரே நேரத்தில் உயிர்பெறும்போதுதான் கோளாறுகள் வெளிப்படும். அப்போது நான்கு விஷயங்கள் சரியான வரிசையில் நடக்க வேண்டும்: வலையமைப்பு வர வேண்டும், சர்வரின் பெயர் முகவரியாக மாற வேண்டும், கடிகாரம் சரியாக வேண்டும், முதல் பொட்டலத்தை (தரவுத் துண்டை) கருவியே அனுப்ப வேண்டும். இந்த வழிகாட்டி அந்த நான்கையும் உறுதிசெய்வதைப் பற்றியது. கட்டளைகளையும் கோப்பு வரிகளையும் ஒலிப்படியே எழுதியிருக்கிறேன். முனையத்தில் அடிக்கும்போது கட்டளைகள் யாவும் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அமையும். கோப்பு வரிகளில் சமக்குறிக்கு இடப்பக்கம் வரும் ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தும் பெரிய எழுத்தாக இருக்கும்.

சேவையாகப் பதிந்துவைத்தல்

2020 மார்ச்சில் வெளியான லினக்ஸ் 5.6 முதல் வயர்கார்டு, லினக்ஸின் உட்கருவான கெர்னலின் பகுதியாகவே வருகிறது. எனவே வயர்கார்டு-டூல்ஸ் என்ற தொகுப்பை மட்டும் நிறுவினால் போதும். கட்டமைப்புக் கோப்பு /ஈடிசி/வயர்கார்டு/ என்ற அடைவுக்குள் டபிள்யூஜி0.கான்ஃப் என்ற பெயரில் இருக்கிறது என்று கொள்வோம். அதில் தனிச் சாவி இருப்பதால், ரூட் பயனரைத் தவிர வேறு எவரும் படிக்க முடியாதபடி அதன் அனுமதியை 600 என்று மாற்றிவிடுங்கள். பிறகு, டபிள்யூஜி0 என்ற இந்த இடைமுகத்தை எழுப்பும் டபிள்யூஜி-குவிக் நிரலைச் சேவையாகப் பதிய, இந்தக் கட்டளையைக் கொடுங்கள்:

சுடோ சிஸ்டம்சிடிஎல் எனேபிள் --நவ் டபிள்யூஜி-குவிக்@டபிள்யூஜி0

‘ஸ்டார்ட்’ என்பது இப்போதைக்கு மட்டும் இயக்கும். ‘எனேபிள்’ என்பது ஒவ்வொரு தொடக்கத்திலும் இயக்கும்படி பதிந்துவைக்கும். நீங்கள் ஏற்கெனவே கையால் ‘டபிள்யூஜி-குவிக் அப்’ கொடுத்து இணைப்பை எழுப்பியிருந்தால், டபிள்யூஜி0 ஏற்கெனவே இருக்கிறது என்று சொல்லி இந்தச் சேவை தோற்றுவிடும். முதலில் ‘டபிள்யூஜி-குவிக் டவுன்’ கொடுத்து இறக்கிவிட்டுப் பிறகு சேவையாக எழுப்புங்கள். அதற்குப் பிறகு கையால் எழுப்பும் வழக்கத்தையே விட்டுவிடுங்கள்.

கோப்பில் சேவ்கான்ஃபிக் என்ற வரி ‘ட்ரூ’ என்று இருந்தால் அதை நீக்கிவிடுமாறு வலியுறுத்துகிறேன். அந்த வரி இருக்கும்வரை, இணைப்பு இறங்கும் ஒவ்வொரு முறையும் ஓடிக்கொண்டிருக்கும் நிலை கோப்பின் மேல் எழுதப்படும். இணைப்பு ஓடும்போது நீங்கள் கோப்பில் செய்த திருத்தங்கள் அதில் அழிந்துபோகும். சர்வர் எங்கே இருக்கிறது என்று சொல்லும் எண்ட்பாயின்ட் வரியில் நீங்கள் எழுதியிருந்த பெயரின் இடத்தில், அப்போதைய ஐபி எண் வந்து உட்கார்ந்துவிடும். என்றோ ஒருநாள் சர்வரின் முகவரி மாறும்போது, ‘நான் பெயரைத்தானே எழுதினேன்’ என்று திகைக்க வேண்டியிருக்கும்.

முதல் பொட்டலம்

வயர்கார்டு இயல்பிலேயே பேசாமல் இருக்கும் நெறிமுறை. அனுப்ப வேண்டிய தரவு எதுவும் இல்லையென்றால் அது ஒரு பொட்டலத்தைக்கூட வெளியே விடாது. கருவி எழுந்துவிட்டது, டபிள்யூஜி0 இடைமுகமும் எழுந்துவிட்டது, சேவை வெற்றி என்று, சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியும் சொல்கிறது; ஆனாலும் சர்வரிலிருந்து கருவியை எட்ட முடியவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். கருவி தன்பாட்டுக்கு யாரிடமும் பேசாததால், ரூட்டரிலும், பலரை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கும் இணைய நிறுவனத்தின் நாட் அடுக்கிலும் திரும்பி வருவதற்கான வழி திறக்கப்படவே இல்லை.

இதற்கு மருந்து ஒரே வரி. கருவியின் பக்கம் உள்ள கோப்பில், எதிர்முனையைக் (இங்கே சர்வரை) குறிக்கும் பியர் பகுதியின் கீழ் இதைச் சேர்க்க வேண்டும்:

பெர்சிஸ்டன்ட்கீப்அலைவ் = 25

இந்த வரி இருந்தால் இடைமுகம் எழுந்த கையோடு கருவி ஹேண்ட்ஷேக்கை, அதாவது இரு முனைகளும் ஒன்றையொன்று சரிபார்க்கும் தொடக்கப் பேச்சை, ஆரம்பிக்கும். பிறகு 25 நொடிக்கு ஒருமுறை ஒரு வெற்றுப் பொட்டலத்தை அனுப்பி நாட் வழியை மூடவிடாமல் காக்கும். லினக்ஸ் அடிப்படையிலான ரூட்டர்களில், மறுமொழி காணாத யூடிபி இணைப்புக்கான பதிவு 30 நொடியில் காலாவதியாவது வழக்கம். 25 என்ற எண் அதற்குள் அடங்குகிறது. பொது முகவரியில் இருக்கும் சர்வரின் பக்கம் இந்த வரி தேவையில்லை. நாட் அடுக்குக்குப் பின்னால் இருப்பவரே பேச்சைத் தொடங்க வேண்டும்.

வலையமைப்பும் பெயரும்

மின்சாரம் திரும்பியதும் ராஸ்ப்பெரி பை ஒரு நிமிடத்துக்குள் எழுந்துவிடுகிறது. ஃபைபர் ரூட்டருக்கோ, ஒளியிழையில் பதிவுசெய்து நிறுவனத்திடமிருந்து முகவரி பெற இரண்டு மூன்று நிமிடங்கள் ஆகின்றன. டபிள்யூஜி-குவிக் சேவை நெட்வொர்க்-ஆன்லைன் என்ற இலக்குக்குப் பிறகே தொடங்கும்படி எழுதப்பட்டிருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த இலக்கின் பெயரை நம்பி ஏமாந்துவிடக் கூடாது. ரூட்டர் உள்ளூர் முகவரி ஒன்றைக் கொடுத்துவிட்டாலே, இணையம் இன்னும் வராவிட்டாலும், ‘ஆன்லைன்’ என்று கணக்காகிவிடும். ரூட்டர் அதையும் கொடுக்கவில்லையென்றால், நெட்வொர்க்மேனேஜர் 60 நொடி காத்திருந்துவிட்டுக் கைவிடும். அதன்பின் மற்றச் சேவைகள் வரிசையாகத் தொடங்கிவிடும்.

எண்ட்பாயின்ட் வரியில் சர்வரின் பெயர் இருந்தால், இந்த இடைவெளியில்தான் அடி விழுகிறது. டபிள்யூஜி என்ற நிரல் பெயரை முகவரியாக மாற்ற முயலும். தற்காலிகத் தோல்வி என்று, பெயருக்கு முகவரி தரும் டிஎன்எஸ் சொன்னால் சளைக்காமல் திரும்பத் திரும்பக் கேட்கும். சேவைக் கோப்பிலேயே அதற்கான எண்ணிக்கை ‘வரம்பில்லை’ என்றுதான் வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் இணையம் வராத ரூட்டர், ‘அப்படி ஒரு பெயரே இல்லை’ என்று பதில் சொல்லிவிட்டால், அதை முடிவான பதிலாக எடுத்துக்கொண்டு முயற்சி அங்கேயே நின்றுவிடும். சேவை தோற்றதாகப் பதிவாகும்; டபிள்யூஜி-குவிக் தான் எழுப்பிய இடைமுகத்தைத் தானே நீக்கிவிட்டு வெளியேறும்; அடுத்த ரீபூட் வரை யாரும் அதைத் தொடமாட்டார்கள்.

வாடகைச் சர்வர்களுக்குப் பெரும்பாலும் நிலையான முகவரிதான் இருக்கும். அப்படியானால் எண்ட்பாயின்ட் வரியில் பெயரை எழுதாமல் ஐபி எண்ணையே எழுதிவிடுங்கள். அழகு குறைவுதான், ஆனால் ஒரு சார்பு முழுவதுமாக மறைந்துவிடுகிறது. என் கருவிகளில் இப்படித்தான் வைத்திருக்கிறேன். பெயரைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால், தோற்ற சேவை தானே மீண்டும் முயலும்படி சொல்ல வேண்டும். ‘சுடோ சிஸ்டம்சிடிஎல் எடிட் டபிள்யூஜி-குவிக்@டபிள்யூஜி0’ என்று கொடுத்தால் ஒரு வெற்றுத் திருத்தக் கோப்பு திறக்கும். அதில் சர்வீஸ் என்ற பகுதித் தலைப்பின் கீழ் இவை வர வேண்டும்:

ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெயில்யர்
ரீஸ்டார்ட்செக்=30

டபிள்யூஜி-குவிக் ஒருமுறை ஓடி முடியும் வகைச் சேவை. அந்த வகைக்கு இந்த மறுமுயற்சியை அனுமதிப்பது சிஸ்டம்டி 244 முதல்தான். டெபியன் 11, உபுண்டு 20.04 ஆகியவற்றிலும் அவற்றுக்குப் பின் வந்தவற்றிலும் சிக்கல் இல்லை. டெபியன் 10 இன்னும் எங்காவது ஓடிக்கொண்டிருந்தால் அங்கே இது செல்லாது. 30 நொடி இடைவெளி விடுவதால், பத்து நொடிக்குள் ஐந்து முறைக்கு மேல் தொடங்கினால் நிறுத்திவிடும் சிஸ்டம்டியின் வரம்பிலும் நாம் சிக்குவதில்லை.

கட்டமைப்புக் கோப்பில் டிஎன்எஸ் வரி இருந்தும் ரிசால்வ்கான்ஃப் என்ற நிரல் நிறுவப்படாமல் இருந்தால், மொத்த இணைப்பும் எழாமல் தோற்கும். தொலைவிலிருந்து கருவியை எட்டுவது மட்டுமே நோக்கம் என்றால் அந்த வரியே வேண்டாம்.

கடிகாரம்

என்னை அதிக நாள் அலைக்கழித்தது இதுதான், ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். மேலே உள்ள அனைத்தையும் செய்த பிறகும், மின்வெட்டுக்குப் பிந்தைய சில மாலைகளில் கருவி இணையாமல் நின்றது. சர்வருக்குள் நுழைந்து வயர்கார்டை மறுதொடக்கம் செய்தால் உடனே இணைந்துவிடும். ஒன்றும் செய்யாமல் விட்டாலும் சில நாள் அரை மணியில், சில நாள் முக்கால் மணியில் தானாகவே இணைந்துவிடும். சர்வர்தான் பழுது என்று நான் முடிவுகட்டியிருந்தேன். அது தவறான முடிவு.

வயர்கார்டின் ஹேண்ட்ஷேக் தொடக்கப் பொட்டலம் ஒவ்வொன்றிலும் அனுப்புபவரின் நேர முத்திரை இருக்கும். பழைய பொட்டலத்தை யாராவது பிடித்து வைத்துத் திரும்ப அனுப்பி ஏமாற்றக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு பியரிடமிருந்தும் தான் கடைசியாக ஏற்றுக்கொண்ட முத்திரையைச் சர்வர் நினைவில் வைத்திருக்கும். அதைவிடப் பிந்திய நேரம் கொண்ட பொட்டலத்தை மட்டுமே ஏற்கும். ராஸ்ப்பெரி பை 4 வரையிலான மாதிரிகளில் மின்சாரம் இல்லாதபோதும் ஓடும் கடிகாரம் கிடையாது. பை 5 மாதிரியில் கடிகாரம் உண்டு, ஆனால் அதற்கான பேட்டரியை நாம் தனியாக வாங்கி இணைக்க வேண்டும். இவை இல்லாத நிலையில், ஃபேக்-எச்டபிள்யூகிளாக் போன்ற நிரல் அவ்வப்போது நேரத்தை ஒரு கோப்பில் எழுதிவைத்து, எழும்போது அதிலிருந்து எடுத்துக்கொள்கிறது. நாமாக ரீபூட் செய்தால் அணையும் தருணத்தில் நேரம் எழுதப்படும். வயர் பிடுங்கப்பட்டால் எழுத அவகாசம் இருக்காது.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். நேரம் கடைசியாக எழுதப்பட்டது மாலை 6:17. மின்சாரம் போனது 7:02. கருவியிடமிருந்து சர்வர் கடைசியாக ஏற்ற முத்திரை 7:01. மின்சாரம் 7:40க்குத் திரும்புகிறது. கருவியோ மணி 6:17 என்று நினைத்துக்கொண்டு எழுகிறது. அது அனுப்பும் ஒவ்வொரு ஹேண்ட்ஷேக்கும் சர்வரின் பார்வையில் பழைய பொட்டலம். பதில் எதுவும் சொல்லாமல் சர்வர் அதைத் தள்ளிவிடுகிறது. கருவியின் கடிகாரம் இணையத்திலிருந்து சரியாகிவிட்டால் பிரச்சினை நொடியில் தீரும். ஆனால் என் கோப்பில், கைபேசிக்காக எழுதியதை அப்படியே நகலெடுத்திருந்ததால், அலவ்ட்ஐபிஸ் வரி 0.0.0.0/0 என்று இருந்தது. அதாவது கருவியின் மொத்தப் போக்குவரத்தும் விபிஎன் வழியாகவே போக வேண்டும். நேரம் கேட்கும் என்டிபி பொட்டலங்களும் அதற்குள்தான் போயின. நேரம் சரியானால்தான் இணைப்பு எழும். இணைப்பு எழுந்தால்தான் நேரம் சரியாகும். 44 நிமிடம் கழித்து, கருவியின் தவறான கடிகாரமே 7:01ஐத் தாண்டிய பிறகு, முடிச்சு தானாக அவிழ்ந்தது. சர்வரில் மறுதொடக்கம் செய்தபோது உடனே இணைந்ததற்குக் காரணம், சர்வர் அந்தப் பழைய முத்திரையை மறந்துவிட்டதுதான்.

இந்தக் கோளாறு உங்களிடமும் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கலாம். கருவியில் ‘சுடோ டபிள்யூஜி ஷோ’ என்று கொடுத்துப் பாருங்கள். பெறப்பட்டது 0 என்றும், அனுப்பப்பட்டது ஏறத்தாழ ஐந்து நொடிக்கு ஒருமுறை 148 பைட்டாக ஏறிக்கொண்டும் இருந்தால், கருவி கதவைத் தட்டுகிறது, பதில் வரவில்லை என்று பொருள்; ஹேண்ட்ஷேக் தொடக்கப் பொட்டலத்தின் அளவு சரியாக 148 பைட். பிறகு ‘டேட்’ கட்டளையைக் கொடுத்து மணியைப் பாருங்கள். உண்மை நேரத்துக்குப் பின்தங்கியிருந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டது.

தீர்வு இரண்டு பகுதி. முதலாவது, தொலைவிலிருந்து எட்டுவதற்காக மட்டுமே இருக்கும் கருவியில் அலவ்ட்ஐபிஸ் வரியை விபிஎன் வலையமைப்பின் எல்லைக்குள், எடுத்துக்காட்டாக 10.8.0.0/24 என்று, சுருக்கிவிடுங்கள்; அப்போது என்டிபியும் டிஎன்எஸ்ஸும் வழக்கமான பாதையிலேயே போகும். இரண்டாவது, நேரம் சரியாகும்வரை வயர்கார்டைத் தொடங்கவே விடாதீர்கள். மொத்தப் போக்குவரத்தும் விபிஎன் வழியாகத்தான் போக வேண்டும் என்பவர்களுக்கு இது கட்டாயம். சிஸ்டம்டியின் நேர ஒத்திசைவுச் சேவை ஓடும் கருவிகளில் இப்படிச் செய்ய வேண்டும்:

சுடோ சிஸ்டம்சிடிஎல் எனேபிள் சிஸ்டம்டி-டைம்-வெயிட்-சிங்க்

பிறகு முன்பு திறந்த அதே திருத்தக் கோப்பில், யூனிட் என்ற பகுதித் தலைப்பின் கீழ் இவற்றை எழுதுங்கள்:

வான்ட்ஸ்=டைம்-சிங்க்.டார்கெட்
ஆஃப்டர்=டைம்-சிங்க்.டார்கெட்

நேர ஒத்திசைவுக்கு க்ரோனி என்ற நிரலைப் பயன்படுத்துபவர்கள் அதற்குப் பதிலாக க்ரோனி-வெயிட் என்ற சேவையை எனேபிள் செய்ய வேண்டும். இந்தக் காத்திருப்புக்கு ஒரு விலை உண்டு: என்டிபிக்கான யூடிபி 123 போர்ட் அடைக்கப்பட்ட அலுவலக வலையமைப்புகளில் நேரம் ஒருபோதும் ஒத்திசையாது; சிஸ்டம்டியின் காத்திருப்புச் சேவை இருந்தால் வயர்கார்டும் ஒருபோதும் தொடங்காது. அங்கெல்லாம் டிஎஸ்3231 சில்லு கொண்ட சிறு கடிகாரப் பலகை ஒன்றை வாங்கிப் பொருத்திவிடுவதே நல்லது. செலவு சொற்பம்; நாணய பேட்டரி ஒன்றில் பல ஆண்டுகள் ஓடும்.

சர்வரின் முகவரி மாறக்கூடியதாக இருந்தால்

சர்வரும் இன்னொரு வீட்டில், மாறும் முகவரியோடு, டைனமிக் டிஎன்எஸ் பெயரை நம்பி இருந்தால் இன்னும் ஒரு வேலை இருக்கிறது. வயர்கார்டு பெயரை முகவரியாக மாற்றுவது தொடங்கும்போது ஒரே ஒருமுறைதான். அதன்பின் பெயரைத் திரும்பிப் பார்க்காது. இதற்காகவே ரீரிசால்வ்-டிஎன்எஸ் என்ற சிறு ஷெல் நிரலை வயர்கார்டு-டூல்ஸ் தொகுப்பை உருவாக்கியவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். தொகுப்பின் எடுத்துக்காட்டுகளுக்குள் அது கிடைக்கும். கடைசி ஹேண்ட்ஷேக் நடந்து 135 நொடிக்கு மேல் ஆகியிருந்தால் அது பெயரை மீண்டும் கேட்டுப் புதிய முகவரியைப் பொருத்திவிடும். அதை 30 நொடிக்கு ஒருமுறை ஓட்டும் சிஸ்டம்டி டைமர் ஒன்றை வையுங்கள். அதில் நாட்காட்டி நேரத்தைக் கொடுக்காமல், ஆன்பூட்செக், ஆன்யூனிட்ஆக்டிவ்செக் என்ற இரண்டு வரிகளால் இடைவெளியைக் கொடுங்கள். கடிகாரம் எப்படி இருந்தாலும் அது ஓடும்.

சர்வரின் பக்கம்

சர்வரும் ரீபூட் ஆகும் என்பதை மறந்துவிடக் கூடாது. அங்கும் டபிள்யூஜி-குவிக் சேவை எனேபிள் ஆகியிருக்க வேண்டும். யூடிபி 51820 போர்ட்டைத் திறக்கும் தீச்சுவர் விதி மறுதொடக்கத்துக்குப் பிறகும் நிலைக்க வேண்டும். ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குப் பொட்டலங்களைக் கடத்தும் அனுமதி /ஈடிசி/சிஸ்சிடிஎல்.டி அடைவுக்குள் ஒரு கோப்பாக எழுதப்பட்டிருக்க வேண்டும். இந்தக் கடைசி இரண்டையும் கையால் அடித்துவிட்டு விடுபவர்கள் பலர். மாதக்கணக்கில் ஓடிய சர்வர் ஒருநாள் ரீபூட் ஆனதும், ஹேண்ட்ஷேக்கே நடக்காமலோ, அது நடந்தும் மற்றக் கருவிகளை எட்ட முடியாமலோ போவதற்கு அதுவே காரணம்.

சோதனை

சோதனையை ஊருக்குப் போயிருக்கும்போது, கருவியின் பக்கத்தில் இருந்தபடி செய்யுங்கள். கட்டளை கொடுத்து ரீபூட் செய்வது இங்கே சோதனையே ஆகாது. கடிகாரக் கோளாறு அதில் ஒருபோதும் தெரியாது. முதலில் கட்டமைப்புக் கோப்பின் நகலை வேறிடத்தில் வைத்துவிட்டு, எழுத வேண்டியவை எல்லாம் எஸ்டி அட்டைக்குப் போய்ச் சேரும்படி ‘சிங்க்’ என்ற கட்டளையைக் கொடுங்கள். பிறகு ரூட்டர், கருவி இரண்டின் மின் இணைப்பையும் ஒன்றாகப் பிடுங்கி, பத்து நிமிடம் காத்திருந்து, ஒன்றாகவே செருகுங்கள். அதன்பின் எதையும் தொடாதீர்கள். கைபேசியில் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டா வழியாகச் சர்வருக்குள் நுழைந்து, ‘டபிள்யூஜி ஷோ’ காட்டும் கடைசி ஹேண்ட்ஷேக் நேரத்தைக் கவனியுங்கள். ரூட்டரின் இணைய விளக்கு எரிந்து இரண்டு நிமிடத்துக்குள் அது சில நொடிகளுக்கு முந்தையதாக மாற வேண்டும். மாறாவிட்டால், கருவியில் ‘ஜர்னல்சிடிஎல் -பி -யு டபிள்யூஜி-குவிக்@டபிள்யூஜி0’ என்று கொடுத்து இந்தத் தொடக்கத்தின் பதிவைப் படியுங்கள். பெயர் கிடைக்காமல் தோற்றதா, நேரத்துக்காகக் காத்திருக்கிறதா, எழுந்தும் பதில் வரவில்லையா என்பதை அதிலிருந்தும் ‘டபிள்யூஜி ஷோ’விலிருந்தும் பிரித்தறியலாம்.

இரண்டாம் சுற்றில் கருவியை மட்டும் முதலில் செருகி, ஐந்து நிமிடம் கழித்து ரூட்டரைச் செருகுங்கள். மறுமுயற்சி வரிகளும் நேரக் காத்திருப்பும் வேலை செய்கின்றனவா என்பது இதில்தான் தெரியும். மூன்றாவதாக, கருவியை ஓடவிட்டுவிட்டுச் சர்வரை மட்டும் ரீபூட் செய்யுங்கள். சர்வர் தன் பழைய அமர்வை மறந்துவிட்டது என்பது கருவிக்கு உடனே தெரியாது; அமர்வுச் சாவியைப் புதுப்பிக்கும் நேரம் வரும்போதுதான் அது புதிய ஹேண்ட்ஷேக்கைத் தொடங்கும். ஆகவே சர்வர் எழுந்த பிறகு இரண்டு மூன்று நிமிடம் மௌனம் நிலவினால் பதறி எதையும் மாற்றிவிடாதீர்கள்.